அப்பா எழுதுன ‘சாமி’

ஜூன் 9, செவ்வாய்
காலையிலயே வெயில் கொளுத்துது. நான் சமைக்கற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு முட்டை வந்துச்சு. அஞ்சு உடைசல்.

சேலத்துல இருந்து தம்பி சாமுவேல் அனுப்புன கூரியர். அப்பாவோட கடிதப் புத்தகம். ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு வருச நினைவு ஆராதனை, சபையில எல்லாருக்கும் குடுக்க. அப்பா போர்வெல் போடற ரிக் வண்டியோட ஒடிசா, மத்தியப் பிரதேசம்னு சுத்துனப்ப எனக்கு எழுதுன இன்லேண்டு லெட்டருங்க. முப்பது வருசமா தகர டப்பாவுல நான் காத்தது. நம்பிக் குடுத்தேன்.

ரெண்டாம் பக்கம்: “கர்த்தர், சளி தேவலையா? கசாயம் குடிச்சியா?”

என்ன எழவு இது?

அப்பா என்னய சாமின்னுதான் கூப்புடுவாரு. இந்தப் பக்கம் பெத்த புள்ளய எல்லாரும் அப்படித்தான். ஏழாம் பக்கத்துல டிரைவர் ‘முத்துகர்த்தர்’. நம்ம முத்துசாமி அண்ணன்! சிரிச்சுட்டேன். அப்புறம் புத்தகத்த மூடிப்போட்டேன்.

ஜூன் 10, புதன்
தம்பிக்குப் போன் போட்டேன்.

“சபைக்குக் குடுக்கற புத்தகத்துல சாமின்னு இருந்தா நல்லாவாக்கா இருக்கும்? கம்ப்யூட்டர்ல ஒரே தட்டு, எல்லாம் மாறிருச்சு.”

“கர்த்தருக்கு ஏன்டா சளி புடிக்குது?”

“டிரைவர் பேரு மேல மட்டும் சீட்டு ஒட்டிக்கலாம்க்கா.”

வெச்சுட்டேன். சாம்பாருக்கு உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன்.

ஜூன் 11, வியாழன்
பக்கம் 19.

அம்மா செத்த வருசம் எனக்கு நர்ஸ் படிப்புக்கு சீட்டு கிடைச்சுது. ஊட்டையும் தம்பியையும் பாக்க ஆளில்லன்னு அப்பா நிறுத்திப்போட்டாரு. ஒடிசா போய் எழுதுனாரு: “புள்ள படிப்பக் கெடுத்துப்போட்டேன். சாமி, என்னய மன்னிச்சிரு.”

புத்தகத்துல: “கர்த்தாவே, என்னை மன்னியும். சங். 51.” ஒரே தட்டுல மாறுனது இல்ல, இத மட்டும் பாத்துப் பாத்துத் திருத்தியிருக்கான்.

கர்த்தரோட படிப்பையா நிறுத்துனாரு? என்னோடதத்தான? அப்பா எங்கிட்ட மன்னிப்புன்னு கேட்டது அந்த ஒரு தடவ. அதையும் புடுங்கி மேல அனுப்பிட்டான். யாரு வளரணும்னு நான் படிப்ப விட்டு நின்னேனோ, அவனே.

பாவமன்னிப்புக் கேக்கற அந்தச் சங்கீதமும் அவன் சொருகுனது. எல்லா லெட்டர்லயும் மேல சிலுவை, கீழ சங்கீத நம்பர் மட்டும். வசனத்த நாந்தான் பைபிள்ல எடுத்துப் படிக்கணும், அது அப்பா வெச்ச பழக்கம். இந்த லெட்டர்ல மட்டும் நம்பர் கிடையாது. இது ஜெபம் இல்லடா மடையா.

ஜூன் 13, சனி
எடப்பாடி–சேலம் பஸ்ஸு, நின்னுட்டே. தம்பி ஊடு. டப்பாவ வாங்கியாச்சு. காப்பி வேண்டாம்னுட்டேன்.

“கோவமாக்கா?”

“இல்ல, குளுகுளுன்னு இருக்குது.”

லெட்டருங்கள எண்ணிப் பாத்தேன். எல்லாம் இருக்குது. மொளகா வத்தல் வாங்க மறந்துட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு
தூறல். ஆராதனையில சாட்சி சொல்ற நேரத்துல எந்திரிச்சேன். புத்தகத்த மூடி வைங்கன்னேன். அந்த லெட்டர அப்பா எழுதுன மாதிரியே படிச்சேன். “சாமி, என்னய மன்னிச்சிரு.”

பாஸ்டர் கண்ண மூடிட்டு “ஆமென்”னாரு.

“இது ஜெபம் இல்லீங்க பாஸ்டர். எங்கப்பா எங்கிட்ட கேட்டதுங்க.”

வெளிய வந்ததும் தம்பி கையப் புடிச்சான். அழுகுறான். “சத்தியமா ஜெபம்னுதான்க்கா நெனச்சேன். நீ என்ன பதில் போட்ட?”

பதில் போடல. கோவம். அப்பா போற வரைக்கும் போடல.