பஸ் ஓடாத வாரம், கரியாலூர் ஏரியைச் சுற்றி

புரட்டாசி 2, வெள்ளி
காலையிலிருந்தே தூறல். பஸ் இல்லை. இட ஒதுக்கீட்டு மறியல். மலைக்குக் கீழே ரோடு நெடுக மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். புதன்கிழமை வந்த என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். என்னை ஒரேயடியாகத் தன் ஊர் மணலூர்பேட்டைக்குக் கூட்டிப்போக வந்தவர். அத்தையின் உத்தரவு. டீச்சர் வேலைக்கு ராஜினாமா கடிதம்கூட டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார். என் கையெழுத்துதான் பாக்கி. கலியாணமாகி நாலு மாதம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ரசத்தில் உப்பு ஜாஸ்தி.

3, சனி
லீவு. வெயில் எட்டிப் பார்த்தது. ஏரிக்கு நடந்தோம். சுற்றிவர முக்கால் மணி நேரம், மேடே கிடையாது. நல்ல காற்று. எதிர்மலை அப்படியே தண்ணீரில் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். இவர் மதகைத் தேடினார்!
"இம்மாந் தண்ணி நிக்குது, மதகு எங்க?"
புல் அறுத்துக்கொண்டிருந்த என் மாணவி செல்வியின் அம்மா சிரித்துவிட்டார். "மதகு இன்னாத்துக்குங்க? மாடு குடிக்கும், நாங்க குளிப்போம்."
"ஒரு காணிக்கும் பாயாம சும்மாவா கெடக்குது?"
இவருக்கு மனசே ஆறவில்லை. முழுசாகச் சுற்றியும் நம்பவில்லை. நாளைக்கும் தேட வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

4, ஞாயிறு
மறுபடி ஏரி. வரப்பில் நடந்த பழக்கம், எப்போதும் முன்னால் போவார். வழுக்கும் இடத்தில் நின்று, திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். வழுக்கல் தாண்டியும் இரண்டு பேரும் விடவில்லை.
வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பூண்டு.

5, திங்கள்
ஸ்கூல். ஏழாம் வாய்ப்பாடு. செல்வி ஓடிவந்தாள்: "டீச்சர், உங்க வூட்டுக்காரரு மரத்தடியில ஒக்காந்துகினு கூடவே சொல்றாரு!"
சாயங்காலம் ஏரி. மறியலில் இருக்கும் தன் தம்பியை நினைத்து இவருக்குக் கவலை. "படிச்ச புள்ளைங்களுக்கு வேலை வேணும்னுதான ரோட்ல ஒக்காந்துகினு இருக்கானுங்க?"
என்னை அறியாமல் வந்துவிட்டது: "கெடைச்ச வேலைய நான் எழுதிக் குடுத்துடணுங்களா?"
விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். பயந்துபோனேன்.

7, புதன்
அடைமழை. நடை இல்லை. கீழிருந்து நடந்தே வந்த ஒருவர் தம்பி பத்திரம் என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாளாக என்னிடம் அதிகம் பேசவில்லை, ஆனால் அரிசி களைந்து கொடுத்தார். இந்த மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது எனக்கு. அதுதான் கஷ்டம். வா என்றால் போய்விடுவேன்.

8, வியாழன்
வெயில். பஸ் வந்துவிட்டது. ஸ்கூலுக்குப் போகிற வழியில் இவரை ஏற்றிவிடப் போனேன். போகிறேனா இருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. படியில் ஏறியவரிடம் கண்டக்டர், "ரெண்டு பேருங்களா?"
"ஒண்ணு குடுங்க. டீச்சருக்கு ஸ்கூலு இருக்குது."
அத்தையிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.