ஷோகேஸுக்குள் ஆமை

11 ஜனவரி 2025, சனி

மகள் தர்மிகா லீட்ஸுக்குப் போய்விட்டாள். புது வேலை, புது பிளாட். அந்த பிளாட்டில் பிராணிகள் வைக்கக் கூடாதாம். அதனால் அவளுடைய ஆமை இப்போது என் தலையில். பெயர் பிஸ்கட். பிஸ்கட்டாம்! யாரோ கடித்துத் துப்பின முறுக்கு மாதிரி இருக்கிறது. கழுத்தை நீட்டினால் தொண்ணூறு வயதுக் கிழவரின் முழங்கை. பார்க்கவே குமட்டுகிறது.

"அப்பா, இந்தக் கண்ணாடித் தொட்டி அதுக்குச் சின்னன். லைற்றும் பழசு. நீங்கள் ஒரு நல்ல இடம் செய்து குடுப்பீங்களோ? ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் வேற ஆளைப் பாக்கிறன்" என்றாள்.

ஏலாதாம். எனக்கு! லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பாதிக் கடைகளுக்கு வயர் இழுத்தவன் நான். (மூன்று கடை. ஆனால் பெரிய கடைகள்.) "அரண்மனை கட்டுறன், நீ போ பிள்ளை" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேண்டது.

12 ஜனவரி

லைற் பூட்டியாயிற்று. கடைகளில் ரோல்ஸ், வடையைச் சூடாக வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் எரியுமே, அந்தப் பல்ப். ஞானேஸ்வரன் அண்ணை தன் கடையில் கழற்றி வைத்திருந்தார். "சூடு சூடுதானே. ரோல்ஸுக்கு ஒண்டு, ஆமைக்கு ஒண்டோ?" என்றார். நியாயம்தான். ஜெர்மனியிலிருந்து எடுப்பித்த லைற் என்று மகளுக்கு அனுப்பினேன். நல்ல நாடு ஒன்றைச் சொன்னால் பிள்ளைக்கு நிம்மதி.

14 ஜனவரி, தைப்பொங்கல்

படைத்த பொங்கலில் ஒரு கரண்டி, சர்க்கரையும் முந்திரிகைவற்றலுமாக, கூட அரை வாழைப்பழம். வாயில்லாச் சீவனும் கொண்டாட வேண்டாமா? முகத்தைப் புதைத்துத் தின்றது. என் கைராசி அப்படி.

15 ஜனவரி

எழுதவே கூசுகிறது. பச்சை. தண்ணியாய். கண்ணாடி நெடுக. அதற்குள்ளேயே ஊர்வலம் வேறு போயிருக்கிறது. சீ!

கைக்கு வந்த பேசினில் வைத்துக் கழுவினேன். "ஐயோ, என்ரை அரிசி களையிற பேசினப்பா அது!" என்று என் மனுசி கனகாம்பிகை கத்தினாள். கழுவினால் போகும் என்றேன். பேசின் குப்பைவாளிக்குப் போனது. இன்று எனக்குச் சோறு இல்லை.

18 ஜனவரி, சனி

ஓடு வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது. உடம்புச் சூடு, வேறென்ன? சனிக்கிழமைதானே, எனக்குக் காய்ச்சிய நல்லெண்ணெயில் மிச்சத்தை அதற்கும் தேய்த்தேன். என்ன பளபளப்பு! வார்னிஷ் அடித்த மாதிரி. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மகள் உடனே போன் எடுத்தாள். "அப்பா, ஓட்டில என்னது அது? திங்கட்கிழமை டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ, பிளீஸ்."

பிறகு பல்ப் சூட்டில் எண்ணெய் காய்ந்து வீடு முழுக்கப் பொரியல் மணம். ஆமையும் எண்ணெயும் சேர்ந்த மணம். மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

20 ஜனவரி, திங்கள்

மிருக வைத்தியர் தமிழ்நாட்டுப் பிள்ளை. டாக்டர் பிரீத்தா. ஆமையைத் தூக்கினார், மோந்து பார்த்தார்.

"அங்கிள், என்ன இது, நல்லெண்ணெய் வாசனை வருது?"

"ஓம், சனிக்கிழமை."

"ஆமைக்கு எதுக்கு?"

"சூட்டுக்கு."

"சூடு இருந்தாத்தான் அது உயிரோட இருக்கும்."

ஓட்டின் ஓரத்தை விரலால் அமுக்கினார். அமுங்கியது. நமுத்துப்போன அப்பளம் மாதிரி. ஓடு என்றால் கல்லாக இருக்க வேண்டாமா?

வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிரைத் தருகிற குழாய் லைற் வேண்டுமாம். என்னுடையது வெறும் சூடு. அந்தக் கதிர் இல்லாமல் எலும்பும் ஓடும் இறுகாது. "இப்படியே விட்டா கோடை வரைக்கும் தாங்காது அங்கிள்." சோறு கூடாது, பழம் கூடாது, களைகளும் இலைகளும்தான். கண்ணாடியைத் தன் பாதை என்று நினைத்து முட்டிக்கொண்டே இருக்குமாம். தோண்ட மண் வேண்டும். ஒரு பக்கம் வெக்கை, மறுபக்கம் குளிர்ச்சி. எண்ணெய் ஆகவே ஆகாது.

இவ்வளவு அக்கறையான ஆளைத் தான் கண்டதே இல்லை என்றும் சொன்னார். வாயால் அல்ல. முகத்தில் இருந்தது.

பின்னேரம் மகள் எடுத்தாள். "நீங்கள் ஒவ்வொரு நாளும் சீ சீ எண்டுதானே மெசேஜ் போடுறீங்கள். அது பாவம் அப்பா. இஞ்சை லண்டன் எட்மண்டனில கிருஷாந் எண்டு, என்னோட படிச்சவர். பெப்ரவரிக் கடைசி ஞாயிறு வந்து எடுப்பார். அவரிட்டையே குடுப்பம்."

"தொலையட்டும்" என்றேன். தொலையட்டுமே.

24 ஜனவரி, வெள்ளி

போகிறவரைக்கும் சாகாமல் இருக்க வேண்டுமே. என் கையில் செத்ததென்று நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது.

ஹோலில் இருக்கிற கண்ணாடி ஷோகேஸ்தான் அளவு. கேட்டபோது, "அதைச் சரிக்கிறதெண்டால் முதல் என்னைச் சரியுங்கோ" என்றாள் கனகாம்பிகை. இன்று அவள் கோயிலுக்குப் போன நேரம் பீங்கான்களையும் பட்டமளிப்புப் படங்களையும் கட்டிலில் அடுக்கிவிட்டு, கதவைக் கழற்றி, ஷோகேஸை மல்லாக்கப் படுக்கவைத்தேன். பக்கக் கண்ணாடிகளுக்கு மட்டை ஒட்டி, உள்ளே பிளாஸ்டிக் விரித்து மண்ணும் மணலும். குழாய் லைற் நீளத்துக்கு. ஒரு முனையில் சூட்டு விளக்கு, கீழே தட்டைக் கல். மறுமுனையில் ஒளிந்து கிடக்கக் கவிழ்த்த சட்டி. தனி ஆளாகத் தூக்கினேன் — பக்கத்து வீட்டுப் போலந்துக்காரன் கொஞ்சம் பிடித்தான்.

அவள் வந்தாள். விபூதியோடு செற்றிச் சோபாவில் இருந்தாள். "மண் கொட்டுறதெண்டு சொல்லியிருந்தால் பேப்பர் விரிச்சிருப்பன்" என்றாள். அவ்வளவுதான்.

2 பெப்ரவரி

பார்க்கில் குனிந்து களை பிடுங்குகிறேன், இந்தக் குளிரில். நாய்கள் என்ன செய்த இடமோ. ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து, சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்று கேட்டாள். யூனிவர்சிட்டி ஆராய்ச்சி என்றேன். மரியாதையாகப் போனாள்.

காலையில் ஆமையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருத்த வேண்டும். இருத்தினால் அதற்குள்ளேயே எல்லாம் போகும். அதையே குடிக்கவும் செய்யும்! மனிதன் பார்க்கிற காட்சியா?

9 பெப்ரவரி

கணவாய்க் கறி. ஓடுகளை எறியாமல் அவித்து ஜன்னலில் காயப்போட்டிருக்கிறாள் கனகாம்பிகை. வீடே மீன் சந்தை. "ஆமைக்குச் சுண்ணாம்புச் சத்தப்பா. டொக்டர் பிள்ளை போனில சொன்னவ." இவள் எப்போது போன் எடுத்தாள்?

16 பெப்ரவரி

ஓட்டை அமுக்கிப் பார்த்தேன். இறுகிவிட்டதென்று சொல்லமாட்டேன். முந்தி மாதிரி அமுங்கவில்லை.

23 பெப்ரவரி, ஞாயிறு

கிருஷாந் வந்தான். பெட்டியோடு. நல்ல பெடியன், குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எரிச்சல். ஷோகேஸைப் பார்த்து, "அங்கிள், என்ன செற்றப் இது! சூப்பர்" என்றான்.

வேறு நாளென்றால் ஒரு மணித்தியாலம் அளந்திருப்பேன். "தம்பி, செற்றப்பை விடும். ஆமையைப் பற்றிக் கேளும்" என்றேன்.

கடிக்கும் என்றேன். போன கிழமை நவரத்தினம் என்றொரு நண்பரின் விரல் நுனியே போய்விட்டது. (அப்படி எனக்கு நண்பர் இல்லை.) குறட்டை விடும். பேண்டால் மூன்று நாளைக்குத் திரைச்சீலையில் மணம் நிற்கும். சிரித்தான். "உம்மடை வீட்டில கார்பெற் என்ன நிறம்?" "கிறீம் அங்கிள்." நான் பெருமூச்சு விட்டேன்.

பெடியன் இன்னும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அப்போது கனகாம்பிகை தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, மிகவும் அமைதியாக, "ஒருக்கா உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கையும் இருந்தது, தம்பி. இவரின்ரை வேட்டியெல்லாம் நாசம்" என்றாள்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து இவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை அவள்.

"பிரியந்தியிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்றன் அங்கிள்" என்றான். பிரியந்தி அவன் மனைவி. வெறும் பெட்டியோடு போனான்.

1 மார்ச்

மகள் எடுத்தாள். "அப்பா, அவர் வேண்டாமெண்டிட்டார். ஏன்?"

"இந்தக் காலத்துப் பெடியளுக்குப் பொறுமை எங்கை பிள்ளை?"

ஒழுங்காகப் பார்த்தால் ஆமை இன்னும் அறுபது வருஷம் இருக்குமாம். கனகாம்பிகைக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போது அறுபத்துமூன்று. நான் போன பிறகு இதன் பீயை ஆர் அள்ளுவது? நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது.