செல்வி நின்ற போட்டோ

அக். 23, வியாழன்

மழை விட்டது. மூன்று நாளுக்குப் பிறகு மொட்டைமாடியில் துணி. 9-பி பரீட்சைப் பேப்பர் இன்னும் பதினெட்டு பாக்கி. குடைக்கம்பி உடைந்தது, ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

குப்பை போயிற்று! கா. 6.30க்கு லாரி, நான்கு ஆள், பத்தே நிமிடம். தீபாவளியன்று கேட்டுக்கு எதிரே சேர்ந்து, மழையில் ஊறி, நாய் கிளறி, வாழையிலையும் ஸ்வீட் டப்பாவும் பட்டாசுக் காகிதமுமாக நாறிக்கொண்டிருந்த குவியல். இப்போது வெறும் தரை. பிளீச்சிங் பவுடர் வேறு தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பாடா. ஜன்னலைத் திறந்துவைத்துக் காபி குடித்தேன்.

எல்லாம் நேற்று மாநகராட்சி ஆப்பில் நான் போட்ட புகாரின் மகிமை. இந்தப் பத்து வீட்டு ஃபிளாட்டுக்கு நான்தான் செயலாளர் (வேறு யாரும் கை தூக்காததால்). ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் ஏகப்பட்ட கட்டைவிரல். இரண்டாவது மாடி மாமி நேரிலேயே வந்துவிட்டாள். "ரெண்டு நாளா ஆத்துல ஜன்னலைச் சாத்திண்டு உக்காந்திருந்தோம்டீ. நீ ஒருத்திதான் காரியத்தை முடிச்சே." பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே.

மாலை ஆப்பில் செய்தி: "புகார் முடிக்கப்பட்டது. பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது."

பணியாளர் என்றால் செல்விதானே? தினமும் எங்கள் தெருவில் குப்பை வாங்குகிறவள். அவளை ஏன் இழுக்கிறார்கள்?

அக். 24, வெள்ளி

வெயில். குப்பை வண்டி விசில் கேட்டுக் கீழே போனால் புது ஆள். நேற்றும் செல்வி வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன்.

"அந்தக்காவா? தெர்லமா. நேத்து காலைல மேஸ்திரி கூப்ட்டு ஆபீஸுக்கு அனுப்ட்டாரு. ஏதோ போட்டோ மேட்டராம்."

நான் எடுத்த போட்டோ. திறந்து பார்த்தேன். பாதி குப்பை, பாதி செல்வி. மழைக்குத் தலையில் கோணி, கையில் தள்ளுவண்டி, முகம் நேராக. கீழே என் கைவண்ணம்: "இரண்டு நாளாக அள்ளவில்லை. பணியாளரின் அலட்சியம்."

அன்று அவள் சொன்னாள்தான். "பேட்டரி வண்டி ரிப்பேர்மா, இத்தனையும் இதுல ஏத்த முடியாது." மாதக்கணக்காகச் சொல்கிறாள். சாக்கு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "கான்ட்ராக்ட் வேலை. ஒரு கம்ப்ளெயின்ட் போதும், நாளையிலேருந்து வராதேன்னுடுவாங்க" என்றார். கட்டிய பெண்டாட்டிக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன்.

புகாரைத் திரும்பப் பெற ஆப்பில் வழி இல்லை. தேடித் தேடிப் பார்த்தாயிற்று. மாநகராட்சிப் புகார் நம்பருக்கு ஃபோன் போட்டேன்.

"உங்க புகார் முடிஞ்சிருச்சு மேடம். திருப்தியா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"அந்தப் புகாரே தப்புங்க. நான் எழுதினதுதான் தப்பு."

"சரிங்க மேடம். அப்ப திருப்தின்னு போட்டுக்கவா?"

வைத்துவிட்டேன்.

கொரோனா ஊரடங்கில் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவள். நான் ஒட்டடைக் கம்பு நுனியில் கவரை மாட்டி, கேட் வழியாக நீட்டுவேன். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வாள். ஒரு தடவைகூட அவளை "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை. இரண்டு பெண்கள், புருஷன் இல்லை. அந்த வேலை போனால் என்ன செய்வாள்? பயமாக இருக்கிறது.

அக். 25, சனி

பள்ளிக்கூடம் லீவு. வாங்க: சிவப்புப் பேனா 2, துவரம்பருப்பு, சோப்புத்தூள். எதுவும் வாங்கவில்லை.

குப்பை வண்டிகள் நிற்கும் ஷெட்டுக்கு ஆட்டோவில் போனேன். வாசலில் ஏழெட்டு பேட்டரி வண்டி, பாதிக்குச் சக்கரமே இல்லை. மேஸ்திரி சின்ன வயசுக்காரர், இரண்டு கையிலும் போன்.

"செல்வி எங்கேப்பா?"

"ஏன்மா, இன்னொரு கம்ப்ளெயின்ட்டா?"

கொண்டுபோன கடிதத்தைக் கொடுத்தேன். "அவர் மீது தவறில்லை. வண்டிதான் பழுது. விசாரிக்காமல் எழுதியது என் அவசரம்." பிள்ளைகளிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. நானே எழுதியது இதுதான் முதல்.

படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மேல குடுக்கறேன்மா. அவங்க இப்ப வேற எடத்துல கீறாங்க. திங்கக்கிழம பாப்போம்."

"வேலையிலதானே இருக்காங்க?"

அதற்குள் போன் அடித்தது. கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். போகச் சொன்னாரா, ஆமாம் என்றாரா, தெரியவில்லை.

அக். 26, ஞாயிறு

மேகமூட்டம். மீதிப் பேப்பர் திருத்தினேன். எல்லோருக்கும் மார்க்கைத் தாராளமாகப் போட்டேன். ஒருத்தனை ஃபெயில் போடக் கை வரவில்லை.

மட்டன் வேண்டாம் என்றேன். இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அக். 27, திங்கள்

தூறல். கா. 6.40. தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். விசில். அது செல்வியின் விசில், இழுத்து இழுத்து ஊதுவாள். அப்படியே ஓடினேன், செருப்புகூட இல்லை.

செல்வியேதான்! பளபளவென்று பச்சை வண்டி, ஓட்டுகிற சீட்டில் மகாராணி மாதிரி.

"இன்னா டீச்சரம்மா, மாவு கையோட ஓடியார?"

"செல்வி, அந்தக் கம்ப்ளெயின்ட் போட்டது நான்தான்."

"தெரியும்மா. மேஸ்திரி போன்ல காட்னாரு. என் மூஞ்சி நல்லாத்தான் வுழுந்துகீது."

"வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"மொதல்ல மேஸ்திரி கத்துனாரு. வேல போச்சுன்னே நெனச்சேன், அத ஏன் கேக்குற. அப்பால பெரிய ஆபீஸர் போட்டோவப் பாத்துட்டு, 'இந்தத் தெருவுக்கு பேட்டரி வண்டி குடுத்துகீதே, இந்தம்மா இன்னாத்துக்கு தள்ளுவண்டியப் புட்ச்சிக்கினு நிக்குது'ன்னு கேட்டாரு. மூணு மாசமா நானும் சொல்லிக்கினேதான் கீறேன், எவன் காதுலயும் ஏறல. உன் ஒரு போட்டோல ஏறிச்சு. புது வண்டி! மூணு நாளு ஓட்டக் கத்துக்குடுத்தாங்க."

அழுதுவிட்டேன். நடுத்தெருவில், மாவுக் கையோடு. நான்கு நாளாக நெஞ்சில் கிடந்தது இறங்கிற்று. மாடியிலிருந்து மாமி எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும்.

"ஆனா அலட்சியம்னு எழுதிட்டியேம்மா" என்றாள் செல்வி. "அது மட்டும் மனசுல நின்னுபோச்சு."

"தப்புதான் செல்வி. மன்னிச்சிடு."

"சரி வுடு. போனு எங்க? எட்த்தா, இன்னொன்னு போடணும். நாங்க சொன்னா ஏறாது, நீங்க சொன்னாத்தான் ஏறுது."

கையுறையைக் கழற்றி நீட்டினாள். மூன்று விரல் முழுசாகக் கிழிசல். உள்ளங்கையில் கண்ணாடி கீறிய கோடு, இன்னும் ஆறவில்லை. கையை மட்டும் போட்டோ எடுத்தேன். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன்: "பாவம், இந்தப் பணியாளர் கிழிந்த கையுறையோடு..."

"பாவம்லாம் இன்னாத்துக்கு?" என்றாள். "க்ளவுஸ் வோணும். அத்த மட்டும் எழுது."