நப்லாவின் பங்கு

2005 மார்ச் 9
சட்டத்தரணியிடம் போய் வந்தேன். மீராமுகைதீன் காக்கா போன நோன்பில் மௌத்தாகும் முன், நற்பிட்டிமுனைக் காணியைத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைத் தங்கச்சியான என் பெயரில் எழுதிவைத்தார். “லைலா டீச்சர், நீங்கதான் நிறைவேற்றுநர்” என்கிறார் சட்டத்தரணி. எதை நிறைவேற்ற? மகன் நிப்றாஸ் சுனாமியில் கடற்கரை வீட்டை இழந்து, பெண்சாதி பிள்ளைகளோடு கூடாரத்தில் கிடக்கிறான். கலியாணமாகாத மகள் நப்லாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடக்க மையித்துகூடக் கிடைக்கவில்லை. அவள் மௌத்தாகிவிட்டாள் என்று நானும் அவளுடைய உம்மாவும் சத்தியக்கடதாசியில் கையெழுத்திட்டால்தான் காணியைப் பிரிக்கலாமாம்.

மார்ச் 13
நப்லாவின் உம்மா, சபியா உம்மா மச்சியிடம் கடதாசியை நீட்டினேன். வாங்கவேயில்லை.
“புள்ளட மையித்தக் கண்டியா லைலா?”
“இல்ல மச்சி.”
“பின்னே ஆர் சொன்ன மௌத்தெண்டு?”
தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 22
மழை. கூடாரத்துக்குள் தண்ணீர். நிப்றாஸ் சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். காணி தன் பெயரில் இருந்தால்தான் வீட்டுத்திட்டத்தில் அவனுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்களாம்.
“மாமி, தங்கச்சியக் கொல்லச் சொல்லல்ல நான். எண்ட புள்ளைகளுக்கு ஒரு கூரை வேணும். உம்மாக்கிட்டக் கதைங்க.”
கதைத்தேன். மச்சி தொழுகைப் பாயைவிட்டு எழும்பவில்லை. நான் ஆருக்காக நிக்கிற? இருக்கிற புள்ளைக்கா, இல்லாத புள்ளைக்கா? காக்கா, என்னை ஏன் இதுக்குள்ள மாட்டிவிட்டீங்க?

2006 ஒக்டோபர் 20
மச்சி நப்லாவுக்குப் பெருநாள் உடுப்பு எடுத்திருக்கிறார். நிறம் நல்லாயிருக்கா என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றேன்.

2008 பெப்ரவரி 5
வீட்டுத்திட்டத்திலிருந்து நிப்றாஸின் பெயரை வெட்டிவிட்டார்கள். அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். “காணி இல்லாதவருக்கு நாங்க என்ன செய்ற டீச்சர்?”
நிப்றாஸ் என்னோடு கோபப்படக்கூட இல்லை.

2009 ஏப்ரல் 2
சுபஹுத் தொழுகைக்கு மச்சி எழும்பவில்லை. அஸருக்குப் பிறகு அடக்கினார்கள்.

மே 20
சண்டை முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். என்னோடு படிப்பித்த பாண்டிருப்பு மீனாம்பிகை, சண்டையில் காணாமல்போன மகனைத் தேடி வவுனியா முகாமுக்குப் போகிறாள். “உயிரோட இருப்பான்தானே லைலா?”
“இருப்பான்” என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 11
மச்சி இல்லாததால் இனி என் கையெழுத்து மட்டும் போதுமாம். நிப்றாஸ் என்னைச் சட்டத்தரணியிடம் கூட்டிப்போனான்.
“நப்லா மௌத்தானது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”
எனக்கென்ன தெரியும்—
“ஓம்” என்றேன். கையெழுத்திட்டேன்.
திரும்பினால், நாலு வருடமாக இதற்காக நடையாய் நடந்த நிப்றாஸ், கதவைப் பிடித்துக்கொண்டு “தங்கச்சி, தங்கச்சி” என்று குரலெடுத்து அழுகிறான்.