கையெழுத்துப் போட மாட்டேன்

மார்ச் 3

அன்புள்ள பட்டனுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. நான்தான் நன்றாக இல்லை.

போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், ஒன்றும் நடக்காது. அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டை விற்றுவிடலாம். பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் நடக்காது. தரகர் தந்த தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் போட்டு அனுப்பு.

"வாங்கி ஏழு வாரம்கூட ஆகலையேம்மா" என்று தரகர் வாயைப் பிளந்தார். "ஏழு வாரம் ஆயிடுச்சேன்னுதான் நானும் வருத்தப்படுறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே படுக்கை விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து நீயும் நானும் மடித்தோம். நமக்குப் பட்டன், கஞ்சி என்று பேர் வந்ததும் அங்கேதான். மடிக்க மடிக்க வாயாலேயே ஒரு வீடு கட்டினோம். மெஷின் சத்தம் கேட்கக் கூடாது. மாடிப்படி கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரியக் கூடாது. ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரு சமையலறை. சொன்னது சொன்னபடி கிடைத்துவிட்டது. அதுதான் வம்பு. மெஷின் சத்தம் மட்டுமா, மனிதச் சத்தமே இல்லை. நாளுக்கு இரண்டு பஸ். நேற்று சொட்டுகிற குழாயோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். குழாய்தான் ஜெயித்தது.

சைக்கிள் கடைக்கு மேலே என் பழைய அறையில் ஜன்னலைத் திறந்தால் போதும், கடைக்காரர் "என்னக்கா, இன்னும் கெளம்பலையா?" என்பார். அந்த மனுஷன் வாயே மூடமாட்டார் என்று உன்னிடம் எத்தனை புலம்பியிருக்கிறேன். இப்போது அந்த வாய்க்கு ஏங்குகிறேன். சிரிக்காதே.

சீக்கிரம் அனுப்பு.

உன்
கஞ்சி


மார்ச் 9

கஞ்சிக்கு,

அன்புள்ள என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள், ஒரு புள்ளியிலும் கையெழுத்து இல்லை.

நீ ஜனவரியில் ஓய்வு பெற்று ராணி மாதிரி அந்த வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்கு ஏப்ரல் கடைசிவரை இருக்கிறது. இப்போது விரிப்பின் அந்த முனையைப் புதிதாக வந்த பெண் பிடிக்கிறாள். கோணல்மாணலாக மடிக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அந்த வீட்டை நினைத்துத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மகனிடம் சொல்லிவிட்டேன். "மே மாசம் நான் என் வீட்டுக்குப் போறேன்."

"என்னம்மா புதுசா, உன் வீடு என் வீடுன்னு?"

"ஆமாடா, என் வீடுதான். பத்திரத்துல என் பேரு இருக்கு."

மருமகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை, உனக்கே தெரியும். அது அவள் வீடு, அவ்வளவுதான். அவர்கள் டிவியை அணைத்த பிறகுதான் எனக்குச் சோபா படுக்கையாகும். ஒன்பது வருஷமாக அப்படித்தான். என் வீடு என்று வாயால் சொன்னது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான், கஞ்சி. சொல்லிவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இனிமேல் போய், இல்லையப்பா, சோபாவே போதும் என்று எந்த முகத்தோடு நிற்பது?

பேச ஆளில்லை என்கிறாய். அப்போது நான் யார்? கொஞ்ச நாள் பொறுக்க மாட்டாயா?

கையெழுத்துப் போட மாட்டேன். தலைகீழாக நின்றாலும் போட மாட்டேன்.

பட்டன்


மார்ச் 14

அன்புள்ள பட்டனுக்கு,

உனக்குக் கை வராவிட்டால் போகிறது, எனக்கு வருகிறது.

மறைத்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ வந்தாலும் நான் அங்கே இருக்க மாட்டேன். ஓடிப் போக ஓர் இடம் வேண்டும் என்றது நீ. எனக்கு அப்படி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நீ ஓர் அறை சொன்னால் நான் ஒரு ஜன்னல் சொன்னேன். பேச்சு சுகமாக இருந்தது, வேலை அலுப்புத் தெரியவில்லை. அது பத்திரம் வரைக்கும் போகும் என்று யார் கண்டது? பதிவு செய்யப் போன அன்று பேனாவைக் கையில் கொடுத்ததும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். போட்டுவிட்டேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தனியாக இருப்பது வேறு, ஊருக்கு வெளியே கிடப்பது வேறு. கீழே நாலு பேர் சத்தம் கேட்க வேண்டும், மேலே என் அறையில் நான் மட்டும் இருக்க வேண்டும். என் டம்ளரை யாராவது கழுவி இடம் மாற்றி வைத்தால் எனக்கு அன்று முழுக்கக் கோபம் வரும். நீ கழுவுவாய். மாற்றித்தான் வைப்பாய். ஆறே மாதத்தில் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல் போயிருப்போம்.

சுயநலக்காரி என்று திட்டு. ஆமாம், சுயநலம்தான். பழைய அறை இன்னும் காலியாக இருக்கிறதாம், நாளைக்கே போகிறேன். சாவி தரகரிடம் இருக்கும். அவ்வளவு வீராப்பு இருந்தால் அந்த வீட்டில் நீ தனியாக ஒரு வாரம் இருந்துவிட்டு என்னோடு சண்டைக்கு வா. உன்னால் முடியாது. பிறந்ததிலிருந்து ஒரு நாள் தனியாக இருந்திருக்கிறாயா நீ?

கஞ்சி


மார்ச் 17

கஞ்சிக்கு,

சவாலா விடுகிறாய்? பதினாறு நாள் லீவு பாக்கி இருந்தது, எழுதிக் கொடுத்துவிட்டேன். சாவியும் வாங்கியாயிற்று. நீ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே. வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்.

பட்டன்


ஏப்ரல் 6

அன்புள்ள கஞ்சிக்கு,

பார், கை வந்துவிட்டது. ரொம்பக் குளிர்ந்து போய்விடாதே, கோபம் அப்படியேதான் இருக்கிறது.

முதல் நாலு நாள் அழுதேன். என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒருத்தி எழுதியே கொடுத்துவிட்டாளே என்று அழுதேன். அழ அழப் பசித்தது. பதினொரு மணிக்குச் சமையலறையில் நின்றபடியே ரொட்டி தின்றேன். உட்கார் என்று சொல்ல ஆளில்லை, உனக்கு மட்டும்தானா என்று கேட்கவும் ஆளில்லை. அடுத்த நாள் எட்டு மணி வரை தூங்கினேன். அதற்கடுத்த நாள் துவைக்கவே இல்லை. நான், துவைக்காமல்! மத்தியானம் ஹாலில் நட்டநடுவே பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தேன். யாரும் தாண்டிப் போகவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பத்தாம் நாள் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. நீதான் மனசு கேட்காமல் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'ஐயோ, இவள் ஏன் இப்போது வந்து தொலைக்கிறாள்!' உன்னைத்தான், கஞ்சி. இருபத்திரண்டு வருஷமாக யாரோடு வாழப் போகிறேன் என்று கோட்டை கட்டினேனோ, அவளைத்தான் அப்படி நினைத்தேன். வந்தது தண்ணீர்க் கணக்கு எடுப்பவர். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா வீடு, புருஷன் வீடு, மகன் வீடு. தனியாக இருப்பதைத் தண்டனை என்றே சொல்லி வளர்த்தார்கள். நீயாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமும் இந்தச் சுகத்தை ஒருத்தியாக அனுபவித்துக்கொண்டு, என்னிடம் மட்டும் பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டாயே, அழுத்தக்காரி.

நீ சொன்னதும் சரிதான், வீடு படு மட்டம். ஒரு நாள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் நடந்தேன். ஒருத்திக்கு இத்தனை பெரிய ஹால் எதற்கு? பெருக்கியே இடுப்பு ஒடிந்தது. புதிதாகத் தாள் வாங்கி எல்லாப் புள்ளியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யார் வாங்குகிறார்களோ, அவர்களாவது கூட்டமாக வரட்டும்.

வேறு வழியில்லாமல் போட்டேன் என்று நினைக்காதே. நானாகத்தான் போட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தரகரைக் கூப்பிட்டாயே, அதை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்போது சொல்லி அனுப்புகிறேன்.

நேற்று மகனிடம் போய் வீட்டை விற்கப் போகிறோம் என்று சொன்னேன்.

"விடும்மா. இங்கேயே இருந்துடு, என்ன இப்போ" என்றான். நல்ல பிள்ளைதான்.

"இல்லடா, ரூம் பாத்துட்டேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"பயமா இருக்காதா அத்தே?" என்றாள் மருமகள்.

"பதினாறு நாள் இருந்து பாத்துட்டேன். பயமெல்லாம் உங்களுக்குத்தான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பொறாமையோ என்னவோ.

அறை மருந்துக் கடைக்குப் பின்னால், இரண்டாவது மாடி. ஒரு ஜன்னல், ஓர் அடுப்பு, பூட்டு கெட்டியாக இருக்கிறது. உன் அறையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். வா, சாப்பிடு, ஊர்க்கதை பேசு, எழுந்து போ. இன்னொரு கட்டில் போட இடம் கிடையாது. அளந்து பார்த்துத்தான் எடுத்தேன்.

உன்
பட்டன்