புள்ளியின் ஈரலும் அம்மாவின் பட்டினியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீ விட்டுப்போன நாய் புள்ளிக்கு ஆபரேஷன் ஆயிற்று. பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டான். போன வாரம் செடிக்குச் செடி காலைத் தூக்கி நின்றான், சொட்டுக்கூட இறங்கவில்லை, வயிறு இறுகித் தொட்டாலே அழுதான். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மாட்டு டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு யூரிக் அமிலக் கல் வழியை அடைத்திருக்கிறது என்றார். மத்த நாய்க்கெல்லாம் ஈரல் அந்த அமிலத்தை உள்ளே இழுத்து, தண்ணியில நல்லா கரையுற வேற பொருளா மாத்திடும், இந்த உடம்பெல்லாம் புள்ளி இருக்குற ஜாதிக்கு ஈரல்ல கதவே சரியா திறக்காது, அமிலம் அப்படியே கிட்னிக்குப் போய் மூத்திரத்துல கொட்டி கல்லாயிடுது என்றார். என் கால் கட்டைவிரல் வீங்குவதும் இந்த அமிலத்தால்தானே என்று கேட்டேன். ஆமா சார், ஆனா மனுஷனுக்கு அதை மாத்துற சரக்கே ஈரல்ல கிடையாது என்று சிரித்தார்.

அதோடு விட்டாரா, என்ன சாப்பாடு போடுறீங்க என்று கேட்டார். நாயை வாசற்படி தாண்ட விடாத உன் அம்மா, நீ போனதிலிருந்து தினமும் ஈரல் வேகவைத்து ஊட்டியிருக்கிறாள். இதுக்கு ஈரலே ஆகாதும்மா, அதைத் தின்னாத்தான் அந்த அமிலம் அதிகமா ஊறும் என்றார் டாக்டர். பிறவிக் கோளாறு, கொடுக்காவிட்டாலும் வந்திருக்கலாம் என்று பின்னால் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பிள்ளை நம்பி ஒப்படைச்சதை நானே கொல்லப் பாத்தேனே என்று புலம்புகிறாள், ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இன்று காலை, மூத்திரம் இறங்க வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தானாகப் போகவேண்டும், இல்லையென்றால் மறுபடி கத்திதான். எனக்குத் தையல் ஓடவில்லை, ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக வெட்டிவிட்டுக் கடையைச் சாத்திவிட்டேன். உன் அம்மா அவனைக் கொல்லையில் சுற்றிச் சுற்றி நடத்தி, போடா கண்ணு, எங்கயாவது போடா என்று கெஞ்சுகிறாள். நான் ஒரு வரி எழுதுவதும் எழுந்து எட்டிப்பார்ப்பதுமாக இருக்கிறேன்.

இரு, கூப்பிடுகிறாள்.

ஒன்றுக்குப் போய்விட்டான் மகளே! காயப்போட்டிருந்த அவள் புதுப் புடவை மேலேயே. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், புடவையை நகர்த்தக்கூட இல்லை.

வேலை வேலை என்று நீயும் அடக்கி வைக்காதே, தண்ணீர் நிறையக் குடி. நோய்நொடி அண்டாமல் நன்றாயிரு. முக்கியமாக ஒன்று, இந்தக் கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய். புள்ளியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அவள் சாப்பிட்டாளா என்று கேள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா