ஏழு அறை மாத்திரை டப்பா

என்னங்க,

கம்பெனி பஸ் வந்துடும், எழுப்பாம போறேன். களி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, கடைஞ்ச கீரை அடுப்பு மேல. கிளம்புறப்ப சாவியை எதிர்வீட்டு மஞ்சுளாக்காகிட்ட குடுங்க, இன்வெர்ட்டர் பாக்க ஆள் வரும்.

நேத்து நான் கத்துனது சுருட்டுக்காக இல்ல. உங்க ஆபீசுக்கு வந்த ஜப்பான்காரர் ஆசையா குடுத்தது, ஞாயித்துக்கிழமை ஒண்ணு பிடிக்கிறீங்க, போகட்டும். ஆனா சுருட்டு காயாம இருக்கப் பெட்டிக்குள்ள வைக்கிற ஈர உருண்டைக்கு வீட்ல வேற டப்பாவே கிடைக்கலயா? உங்க பிரஷர் மாத்திரைக்குன்னு நான் வாங்கின ஏழு அறை டப்பாவை எடுத்து ஈரம் வெளிய வர மூடி பூரா ட்ரில் போட்டிருக்கீங்க. ஓட்டை எல்லாம் ஒரே சீரா இருக்கு, அதையும் சொல்லணும். மாத்திரை அட்டைதான் பிரிக்காமலே கிடக்கு.

காலைல பாத்தேன், உருண்டைங்க வெள்ளையா காஞ்சிருந்துச்சு. பேட்டரிக்கு வாங்கின டிஸ்டில்டு வாட்டரைக் கொஞ்சம் தெளிச்சிருக்கேன். டப்பாவைத் திருப்பிக் கேக்க மாட்டேன், அதுங்களே வச்சுக்கட்டும்.

சரிதா

மாத்திரையை அலமாரியில தேடாதீங்க. சுருட்டுப் பெட்டிக்குள்ள, சுருட்டு மேலயே வச்சிருக்கேன். இந்த வீட்ல நீங்க தினமும் மறக்காம திறந்து பாக்குறது அது ஒண்ணுதான்.